கிணற்று நீரும் ஒரு கேள்வியும்: ‘எனக்குத் தெரியாது’ என்பது எப்போது மன்னிக்கப்படும்?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய சகோதரர்களே, வீட்டிலிருந்து படிக்கும் சகோதரிகளே! அல்லாஹ்வை அஞ்சி நடக்குமாறு முதலில் எனக்கும், பின்னர் உங்களுக்கும் உபதேசம் செய்து கொள்கிறேன்.

இந்த வாரம் நாம் பேச இருப்பது நம் வீட்டு போர்வெல், நம் தோட்டத்துக் கிணறு, நம் பள்ளிவாசல் தொட்டி ஆகியவற்றில் வரும் தண்ணீரைப் பற்றி. அதோடு சேர்ந்து ஒரு கேள்வியும் இருக்கிறது. என் கிணற்றுத் தண்ணீரால் ஒருவருக்குத் தீங்கு ஏற்படுகிறது. அது எனக்குத் தெரியாது. நாளை மறுமையில் ‘யா அல்லாஹ், எனக்குத் தெரியாது’ என்று சொன்னால் அது ஏற்கப்படுமா? தெரிந்துகொள்ள வழி இருந்தும் நான் தெரிந்துகொள்ளவில்லை என்றால் அப்போதும் ஏற்கப்படுமா?

தண்ணீர் எனும் அமானத்

உயிருள்ள ஒவ்வொன்றையும் தண்ணீரிலிருந்து படைத்ததாக அல்லாஹ் அன்பியா அத்தியாயத்தில் (21:30) சொல்லிக் காட்டுகிறான். முல்க் அத்தியாயத்தின் கடைசி வசனத்தில் (67:30) ஒரு கேள்வியே கேட்கிறான்: உங்கள் தண்ணீர் பூமிக்குள் போய்விட்டால் ஓடும் நீரை உங்களுக்குக் கொண்டுவந்து தருபவர் யார்? இரவில் தூங்கும் முன் நம்மில் பலர் ஓதும் அத்தியாயம் அது. நம் பகுதியில் அந்த வசனத்துக்கு விளக்கவுரை தேவையில்லை. போர்வெல் போட்ட ஒவ்வொருவருக்கும் அதன் பொருள் தெரியும்.

தளியை ‘குட்டி இங்கிலாந்து’ என்று சொல்வார்கள். குளிர்ந்த காற்று, மேட்டு நிலம். தக்காளி, முட்டைக்கோஸ், குடைமிளகாய், பீன்ஸ், கொத்தமல்லி என்று எல்லாம் விளைகிறது. கொய்மலர்களுக்கென்று இந்தியாவும் இஸ்ரேலும் இணைந்து அமைத்த மகத்துவ மையம் தளியில் இருக்கிறது. ஓசூர் வட்டாரத்துப் பசுமைக்குடில் ரோஜாக்கள் கடல் கடந்து போகின்றன. இதெல்லாம் அல்லாஹ் தந்த ரிஸ்க். இந்த விளைச்சலுக்கு உரம் வேண்டும், மருந்து வேண்டும், தண்ணீரும் வேண்டும். உரத்தைப் போடும் அதே நிலத்துக்கு அடியிலிருந்துதான் குடிநீரையும் எடுக்கிறோம்.

நிறம், சுவை, வாடை

தண்ணீர் சுத்தமா இல்லையா என்று பார்க்க ஃபிக்ஹு நூல்கள் நமக்கு மூன்று அடையாளங்களைக் கற்றுத் தந்திருக்கின்றன: நிறம், சுவை, வாடை. ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு குல்லத் அளவு, ஹனஃபி மத்ஹபில் பத்துக்குப் பத்து முழ ஹவுள் என்று அளவில் பேச்சு இருந்தாலும், நஜீஸால் இந்த மூன்றில் ஒன்று மாறினால் தண்ணீர் கெட்டுவிட்டது என்பதில் இமாம்கள் ஒன்றுபட்டிருக்கிறார்கள். மதரஸாவில் சிறு பிள்ளைகளும் இதைப் படிக்கிறார்கள்.

யூரியாவிலிருந்து தண்ணீரில் கலக்கும் நைட்ரேட்டுக்கு நிறம் இல்லை, வாடை இல்லை. குடிநீரில் காணப்படும் அளவில் நாக்குக்கும் அது தெரியாது. கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார்த்தால் ஜம்ஜம் போல் தெளிவாக இருக்கும். அந்தத் தண்ணீரில் உளூச் செய்தால் உளூ கூடும், தொழுகை கூடும். அதையே பால் பவுடரில் கலந்து மூன்று மாதக் குழந்தைக்குக் கொடுத்தால் அந்தக் குழந்தைக்கு ஆபத்து வரலாம்.

ஆகவே ‘தாஹிர்’ என்பதும் ‘தீங்கற்றது’ என்பதும் ஒன்றல்ல. இதைச் சொல்வதால் ஃபிக்ஹுக்குக் குறை ஒன்றும் இல்லை. விஷச் செடியின் இலை நஜீஸ் அல்ல; சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தொழலாம். ஆனால் அதைத் தின்பது ஹராம். தீங்கு தருவதை உண்ணக் கூடாது என்பது ஃபிக்ஹில் தனிச் சட்டம். நாம்தான் முதல் சட்டத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு இரண்டாவதை மறந்துவிட்டோம்.

பூமிக்குள் நடப்பது

ஒரு மூட்டை யூரியா 45 கிலோ. அதில் சுமார் 20 கிலோ தழைச்சத்து இருக்கிறது. பயிர் அதில் ஒரு பகுதியைத்தான் எடுத்துக்கொள்ளும். மீதியில் பெரும்பகுதி மண்ணில் நைட்ரேட்டாக மாறுகிறது. நைட்ரேட் மண்ணோடு ஒட்டாது. மழை பெய்தாலோ தண்ணீர் அதிகம் பாய்ச்சினாலோ நீரோடு சேர்ந்து கீழே இறங்கிவிடும். உரம் மட்டும்தான் காரணம் என்று விவசாயியின் தலையில் முழுப் பழியையும் போட முடியாது. கோழி எருக் குவியல், மாட்டுச் சாணக் குழி, அடிப்பகுதி பூசாத கழிவறைக் குழி ஆகியவற்றிலிருந்தும் அதே நைட்ரேட்தான் இறங்குகிறது.

நம் நிலத்துக்கு அடியில் இருப்பது கடினப் பாறை. தண்ணீர் அதன் வெடிப்புகளின் வழியாக ஓடுகிறது. எந்த வெடிப்பு எங்கிருந்து வருகிறது என்பது மேலிருந்து பார்த்தால் தெரியாது. அதனால் பக்கத்துத் தோட்டத்துக் கிணறு நன்றாக இருக்கிறது என்பது உங்கள் கிணற்றுக்குச் சான்றாகாது. ஒவ்வொரு கிணற்றையும் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

இது நம் ஊருக்கு மட்டுமான விஷயமும் இல்லை. மத்திய நிலத்தடி நீர் வாரியம் 2024-ல் வெளியிட்ட அறிக்கையில், நாடு முழுவதும் சோதித்த மாதிரிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் நைட்ரேட் வரம்பை மீறியிருந்தது. அதிகம் மீறிய மாநிலங்களில் ராஜஸ்தான், கர்நாடகா, தமிழ்நாடு மூன்றும் முன்னால் நின்றன. நாம் இருப்பது அதில் இரண்டு மாநிலங்களின் எல்லையில். வற்றாத ஆறு இல்லாத யாழ்ப்பாணத்தில் கிணறே முக்கியக் குடிநீர் ஆதாரம். அங்கே வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளையும் தோட்டங்களை ஒட்டிய கிணறுகளில் இதே நைட்ரேட்டை ஆய்வாளர்கள் நீண்ட காலமாகக் கண்டு சொல்லி வருகிறார்கள்.

இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் நைட்ரேட் ஒரு லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. இதில் சலுகை எதுவும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் வைத்த அளவு 50. இந்த எண்கள் கைக்குழந்தைகளை முன்னிட்டு வைக்கப்பட்டவை. 1945-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹண்டர் காம்லி என்ற மருத்துவர், உதடும் தோலும் நீலம் பாய்ந்த குழந்தைகளைக் கண்டு காரணம் தேடினார். பண்ணை வீட்டுக் கிணற்று நீரில் கலந்து கொடுத்த புட்டிப்பாலே காரணம் என்று கண்டு எழுதினார். குழந்தையின் உடலில் நைட்ரேட் நைட்ரைட்டாக மாறி, பிராணவாயுவைச் சுமக்க முடியாதபடி இரத்தத்தைக் கெடுத்துவிடுகிறது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத்தான் ஆபத்து மிக அதிகம்.

அந்த வீட்டுத் தாய்மார்கள் நல்லதென்று நினைத்துத்தான் அந்தத் தண்ணீரைக் கொடுத்தார்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் சாகாது. நீர் ஆவியாகப் போவதால் மீதித் தண்ணீரில் அதன் செறிவு கூடவே செய்யும். குளோரின் போட்டாலும், சாதாரண மெழுகுவர்த்தி ஃபில்டரில் வடிகட்டினாலும் அது போகாது.

உமர் (ரலி) ‘சொல்லாதீர்’ என்றார்களே!

இங்கே கற்றறிந்த சகோதரர் ஒருவர் எழுந்து கேட்கலாம். “இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் ஒரு செய்தி வருகிறதே! உமர் (ரலி) அவர்களும் அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களும் பயணத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டிக்கு வந்தார்கள். வனவிலங்குகள் இங்கே வந்து குடிக்குமா என்று அம்ர் (ரலி) அதன் உரிமையாளரிடம் கேட்டார்கள். உமர் (ரலி) அவர்களோ, எங்களுக்கு அதைச் சொல்லாதீர் என்று தடுத்துவிட்டார்கள். அப்படியானால் தண்ணீரைத் துருவித் துருவி ஆராய்வது வஸ்வாஸ் அல்லவா?”

நல்ல கேள்வி. உமர் (ரலி) அவர்கள் தடுத்தது எதை? சுத்தமா நஜீஸா என்ற சந்தேகத்தை. அதில் மார்க்கம் நமக்கு இலகுவைத் தந்திருக்கிறது. தண்ணீரின் அசல் நிலை சுத்தம். உறுதியானதைச் சந்தேகம் நீக்காது. ஒவ்வொரு தொட்டியிலும் நின்று விசாரித்தால் பயணம் நடக்காது, தொழுகையும் நடக்காது. அந்தத் தண்ணீரைக் குடித்தால் யாருக்கும் உயிர்ச்சேதம் வரும் என்ற பேச்சு அங்கே இல்லை.

அதே உமர் (ரலி) அவர்கள் ஷாமுக்குப் போகும் வழியில் ஸர்ஃக் என்ற இடத்தில் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். அங்கே கொள்ளை நோய் பரவியிருப்பதாகச் செய்தி வந்தது. ‘எங்களுக்குச் சொல்லாதீர்’ என்று அவர்கள் சொல்லவில்லை. முஹாஜிர்களை அழைத்துக் கேட்டார்கள். அன்ஸார்களை அழைத்துக் கேட்டார்கள். பிறகு குறைஷி முதியவர்களை அழைத்துக் கேட்டார்கள். கேட்டு முடித்துத் திரும்பிச் செல்ல முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டபோது, அல்லாஹ்வின் விதியிலிருந்து அல்லாஹ்வின் விதிக்கே போகிறோம் என்று விடை தந்தார்கள்.

விலங்கு வாய் வைத்திருக்குமோ என்ற சந்தேகத்தில் விசாரிக்க வேண்டாம் என்றவர்கள், மக்களின் உயிர் என்று வந்ததும் மூன்று கூட்டங்களைக் கூட்டி விசாரித்தார்கள். நம் கிணற்று நீரைக் குடிக்கும் குழந்தை எந்த வகையில் சேரும் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். ‘தவக்குல் வைத்துக் குடிக்கிறோம்’ என்று சொல்பவர்களுக்கும் இதில் பதில் இருக்கிறது.

கிணற்றை அளந்த இமாம்

மதீனாவின் புளாஆ கிணற்றைப் பற்றிய ஹதீஸை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அசுத்தங்கள் வந்து விழும் அந்தக் கிணற்றைப் பற்றித் தோழர்கள் கேட்டபோது, தண்ணீர் தூய்மையானது என்று நபி (ஸல்) அவர்கள் பதில் சொன்னார்கள். இந்த ஹதீஸைத் தம் நூலில் பதிவு செய்த இமாம் அபூதாவூத் (ரஹ்) அவர்கள், எழுதிவிட்டு அத்தோடு நிற்கவில்லை. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர்கள் அவர்கள். அந்தக் கிணற்றுக்கே போனார்கள். தம் மேலாடையை அதன் மேல் விரித்து அளந்தார்கள். அகலம் ஆறு முழம். தோட்டக் கதவைத் திறந்துவிட்டவரிடம், இதன் கட்டுமானம் பழைய நிலையிலிருந்து மாறியிருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றார் அவர். தண்ணீரின் நிறம் மாறியிருந்ததையும் கண்டு எழுதி வைத்தார்கள். அதன் ஆழத்தைக் காவலாளியிடம் விசாரித்த குதைபா (ரஹ்) அவர்களின் செய்தியையும் சேர்த்தே பதிவு செய்தார்கள்.

நபி (ஸல்) அவர்களே தூய்மை என்று சொல்லிவிட்ட கிணறு அது. அதில் சந்தேகப்பட்டு அவர்கள் அளக்கவில்லை. எந்த அளவுத் தண்ணீரைப் பற்றி அந்தச் சொல் சொல்லப்பட்டது என்று சரியாக அறிந்துகொள்ளவே அளந்தார்கள். ஈமானும் அளவுகோலும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல என்பதற்கு நம் முன்னோர்களிடம் இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா? அன்று ஆடையால் அளந்தார்கள். இன்று நமக்கு ஒரு பாட்டிலும் ஒரு ஆய்வகமும் போதும்.

மூன்று வகை ‘தெரியாது’

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். தெரியாமை எல்லாம் ஒரே வகை இல்லை.

முதலாவது, தெரிந்துகொள்ள வழியே இல்லாதவரின் தெரியாமை. இது மன்னிக்கப்பட்டது. தூதரை அனுப்பாமல் நாம் தண்டிப்பதில்லை என்பது (17:15) அல்லாஹ்வின் நீதி. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நம் பெரியோர்கள் எத்தனையோ ஆண்டுகள் ஃபுளோரைடு கலந்த நீரைக் குடித்தார்கள். பல்லில் கறை ஏறியது, மூட்டும் முதுகும் இறுகின. அது பாறையிலிருந்து வந்தது. அவர்களுக்கு அது தெரியாது; அவர்கள் மீது பாவமும் இல்லை. பின்னாளில் நீரைச் சோதித்துக் காரணம் தெரிந்த பிறகுதான், ஜப்பானின் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013-ல் காவிரி நீர் இந்த மாவட்டங்களை எட்டியது.

இரண்டாவது, வழி இருந்தும் அது மனதில் தோன்றாதவரின் தெரியாமை. நம்மில் பெரும்பாலோர் இந்த வகைதான். இவருக்கு யாராவது நினைவூட்ட வேண்டும். ஜும்ஆ மேடை இருப்பதே அதற்காகத்தான்.

மூன்றாவது, தெரிந்துவிடுமோ என்று பயந்து தெரிந்துகொள்ளாதவரின் தெரியாமை. ‘சோதித்தால் ஏதாவது வந்துவிடும், நிலத்தின் விலை குறையும், வாடகைக்கு ஆள் வரமாட்டார்கள், எதற்கு வம்பு’ என்று விட்டுவிடுவது. கேள்வியும் பார்வையும் இதயமும் விசாரிக்கப்படும் என்று அல்லாஹ் எச்சரிக்கிறான் (17:36). பார்க்க முடிந்தும் கண்ணை மூடிக்கொண்டவர், மூடியதற்காகவே விசாரிக்கப்படுவார் என்று நாம் பயப்பட வேண்டும். ஒரு கடமை எது இல்லாமல் நிறைவேறாதோ அதுவும் கடமையே என்பது உஸூல் கலையின் விதி. பிறருக்குத் தீங்கு செய்யாமலிருப்பது கடமை. சோதிக்காமல் தீங்கு இருப்பது தெரியாது என்றால், சோதிப்பதும் அந்தக் கடமையில் சேர்ந்துவிடுகிறது.

கேன் தண்ணீர் சொல்லும் சாட்சி

இந்த மூன்றாவது வகையை எப்படி அடையாளம் காண்பது? நம் வீட்டிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. பல தோட்டங்களில் முதலாளி வீட்டுக்கு 20 லிட்டர் கேன் வருகிறது. தோட்டத்து ஷெட்டில் குடும்பத்தோடு தங்கி வேலை பார்ப்பவர்கள் போர்வெல் தண்ணீரைக் குடிக்கிறார்கள். வெயிலில் நின்று வேலை செய்பவர் நம்மைவிட அதிகமாகக் குடிப்பார். அவர் வீட்டிலும் கைக்குழந்தை இருக்கலாம்.

உடல்நலத்துக்காகக் கேன் வாங்குவது தவறில்லை. ஆனால் போர்வெல் தண்ணீர் குடிக்க ஏற்றதல்ல என்று என் மனம் நினைக்கிறது என்றால், ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லும் உரிமை எனக்கு ஏது? தனக்கு விரும்புவதைத் தன் சகோதரனுக்கும் விரும்பாதவரை ஈமான் முழுமையாகாது என்பது நபிமொழி. பணியாளர்களுக்கு நாம் உண்பதிலிருந்தே உணவளிக்க வேண்டும் என்றும் நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பணியாளர் முஸ்லிமா, பிற சமயத்தவரா, எந்த மாநிலத்தவர் என்று தண்ணீர் கேட்பதில்லை. நாமும் கேட்கக் கூடாது.

வியாபாரத்திலும் இது வரும். குறையுள்ள பொருளை, அந்தக் குறையைச் சொல்லாமல் விற்பது ஆகுமானதல்ல என்று ஹதீஸ் இருக்கிறது. கிணற்றோடு நிலம் விற்பவரும், வீடு வாடகைக்கு விடுபவரும், டேங்கரில் தண்ணீர் விற்பவரும் இதில் அடங்குவர்.

கப்பலில் ஓட்டை

புகாரியில் வரும் கப்பல் உதாரணம் உங்களுக்குத் தெரியும். கீழ்த்தளத்தில் இருந்தவர்கள் தண்ணீருக்காக ஒவ்வொரு முறையும் மேலே போக வேண்டியிருந்தது. மேலே இருப்பவர்களுக்குத் தொந்தரவு தராமல் நம் பகுதியில் ஒரு ஓட்டை போட்டுக்கொள்வோம் என்றார்கள். விட்டுவிட்டால் அனைவரும் மூழ்குவார்கள், கையைப் பிடித்தால் அனைவரும் தப்புவார்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள்.

ஓட்டை போட நினைத்தவர்களிடம் கெட்ட எண்ணம் இல்லை. பிறருக்குத் தொந்தரவு வேண்டாம் என்றே நினைத்தார்கள். எண்ணம் நல்லது என்பதற்காகக் கடல் உள்ளே வராமல் நிற்காது. நம் நிலமும் அப்படித்தான். ‘என் காசு, என் நிலம், நான் இரண்டு மூட்டை கூடுதலாகப் போடுகிறேன்’ என்று சொல்லலாம். பூமிக்கு அடியில் பட்டாவும் இல்லை, வேலியும் இல்லை.

நீர்த்துறைகளில் மலஜலம் கழிப்பதைச் சாபத்துக்குரிய காரியங்களில் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் எண்ணினார்கள். மருந்தடிக்கும் ஸ்பிரேயரைக் கிணற்று மேட்டில் கழுவுவதும், காலி மருந்து டப்பாவைக் கிணற்றோரம் வீசுவதும் எந்தப் பட்டியலில் சேரும் என்று சிந்தித்துப் பாருங்கள்.

என்ன செய்ய வேண்டும்?

முதலில் ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளிவாசல் போர்வெல்லிலிருந்தே தொடங்குங்கள். நம் கழிவறைக் குழி அந்த போர்வெல்லுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று பாருங்கள். முடிவு எதுவானாலும் அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் சிறு கட்டணத்துக்குப் பொதுமக்களும் தண்ணீரைக் கொடுத்துச் சோதிக்கலாம். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊராட்சிகளுக்குக் களப் பரிசோதனைப் பெட்டி தரப்பட்டு, கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சியும் தரப்படுகிறது. நைட்ரேட், ஃபுளோரைடு இரண்டையும் அந்தப் பெட்டியிலேயே பார்க்கலாம். ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். பூச்சி மருந்தின் எச்சம் அந்தப் பெட்டியில் தெரியாது. அதற்குப் பெரிய ஆய்வகம் வேண்டும். தோட்டங்களுக்கு நடுவில் உள்ள கிணறுகளுக்குச் சிலர் கூட்டாகச் செலவைப் பகிர்ந்து ஒரு முறையாவது அதைச் செய்யலாம்.

தண்ணீர் எடுக்கும்போது மோட்டாரைச் சில நிமிடம் ஓட விடுங்கள். சுத்தமான பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று முறை அலசி நிரப்புங்கள். இடமும் தேதியும் எழுதி, அன்றே கொண்டுபோய்க் கொடுங்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது பாருங்கள். மழைக்கு முன்னும் பின்னும் பார்த்தால் இன்னும் நல்லது.

அளவு கூடியிருந்தால் பதற வேண்டாம். அந்த நீரில் உளூ கூடும், குளிப்பு கூடும். வாய் கொப்பளிப்பது குடிப்பதாகாது. பயிருக்கும் பாய்ச்சலாம். அதில் இருக்கும் தழைச்சத்தைக் கணக்கிட்டு உரத்தைக் குறைத்தால் செலவும் மிச்சம். குடிக்கவும், முக்கியமாகக் குழந்தைக்குப் பால் கலக்கவும் வேறு தண்ணீர் பாருங்கள்: குழாயில் வரும் குடிநீர், முறையாகச் சேமித்த மழைநீர், ஆர்.ஓ. இயந்திர நீர். தாய்மார்களுக்கு அல்லாஹ் ஏற்கெனவே ஒரு பாதுகாப்பைத் தந்திருக்கிறான். இரண்டு ஆண்டு தாய்ப்பாலைப் பற்றிக் குர்ஆன் பேசுகிறது (2:233). தாயின் பால் வழியாகக் குழந்தைக்கு நைட்ரேட் அதிகம் போவதில்லை.

இன்னொன்றும் உண்டு. அண்டை வீட்டுக் கிணற்றின் முடிவு உங்களுக்குத் தெரிய வந்தால் அவரிடம் போய்த் தனியாகச் சொல்லுங்கள். டீக்கடையில் வைத்து அவர் நிலத்தைப் பற்றிப் பேசாதீர்கள். முதலாவது நஸீஹத், இரண்டாவது புறம்.

உஸ்மான் (ரலி) அவர்கள் ரூமா கிணற்றை விலைக்கு வாங்கி மக்களுக்கு வக்ஃபு செய்தார்கள். ஸஅத் இப்னு உபாதா (ரலி) அவர்கள் மரணித்த தம் தாய்க்காகத் தண்ணீரை ஸதகாவாக ஆக்கினார்கள். நம்மிலும் பெற்றோர் பெயரில் போர்வெல் போட்டுக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அல்லாஹ் அதை ஏற்றுக்கொள்வானாக. அந்த ஸதகா ஜாரியா தொடர்ந்து நன்மையாகவே ஓட வேண்டுமானால், அதில் ஓடும் தண்ணீர் என்ன தண்ணீர் என்று ஆண்டுக்கு ஒரு முறை பார்ப்பதும் அந்த நன்மையின் ஒரு பகுதிதான்.

யா அல்லாஹ்! எங்களுக்குப் பயனுள்ள அறிவைத் தருவாயாக. அறிய அஞ்சும் உள்ளத்திலிருந்து எங்களைக் காப்பாயாக. எங்கள் கைகளால் எவருடைய குழந்தைக்கும் தீங்கு வராமல் பாதுகாப்பாயாக. எங்கள் நிலத்திலும் நீரிலும் விளைச்சலிலும் பரக்கத் செய்வாயாக. நல்ல மழையைத் தருவாயாக. மறுமையில் கவ்ஸர் தடாகத்தில் நபி (ஸல்) அவர்களின் கரத்தால் நீரருந்தும் கூட்டத்தில் எங்களைச் சேர்ப்பாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன்.